நான் சொன்ன ஐந்தரை மணி

செல்வராணி தன் தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். மறதியால் நடந்ததல்ல. தெரிந்து, நிதானமாக, அவளுடைய வீட்டுச் சமையலறையில் நின்று, அவளுடைய கையைப் பிடித்தபடி செய்தேன்.

இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டபோதுகூட, "ஒரு பொய் சொன்னேன், சுவாமி" என்று மட்டும்தான் சொன்னேன். மூன்று தரம் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்கினேன். அவ்வளவுதான்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. செல்வராணியையும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது. நீங்கள் ஒக்லாந்துக்கு, ஃபிளாட் புஷ்ஷுக்கு வந்து என் கதவைத் தட்டப் போவதில்லை. அவள் இருக்கிற தகனினிக்குப் போய் அவளிடம் சொல்லப் போவதுமில்லை.

முதலில் இந்த நாட்டு மணிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் என் குற்றம் விளங்காது. செப்டெம்பர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். மாறாதது எங்கள் தலைக்குள் இருக்கும் ஊர்க் கணக்கு. கோடையில் ஊர் எங்களுக்கு ஏழரை மணித்தியாலம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் ஆறரை. ஆறு மாதம் ஏழரை, ஏழரை என்று கழித்துப் பழகிய தலை, ஏப்ரலிலும் அதையேதான் கழிக்கும். பிறந்தநாள் வாழ்த்தைப் பிந்திச் சொன்னவர்கள், தகப்பனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன பிறகு வீட்டுக்கு ஃபோன் எடுத்தவர்கள் என்று ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும்.

அதனால் எங்கள் தமிழ்ப் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. மணி மாறும் ஞாயிற்றில், கடைசி ஆசீருக்கு முன்னால், ஒருவர் எழும்பி ஊர்க் கணக்கை அறிவிக்க வேண்டும். "இன்று முதல் ஊரோடு கதைக்க ஆறரை" அல்லது "ஏழரை." அந்த ஒருவர் அப்போது நான்தான். எட்டு வருடங்கள் நான்தான்!

ஒரு தடவை சுவாமியார், அறிவித்தலோடு இரண்டு வார்த்தை நல்லதாகவும் சொல்லுங்கோ என்றார். நான் பொறுமையைப் பற்றிப் பேசினேன். செப்டெம்பரில் ஆண்டவர் நம்மிடமிருந்து ஒரு மணித்தியாலத்தை எடுக்கிறார், ஏப்ரலில் திருப்பித் தருகிறார், இடைப்பட்ட ஆறு மாதமும் முறுமுறுக்காமல் காத்திருப்பதுதான் விசுவாசம் என்றேன். சனம் கண் கலங்கியது. யாரோ அதை எழுதி எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதன் பிறகு மணி மாறினாலே என் பேச்சை எதிர்பார்த்தார்கள். பொறுமைக்கு ரெஜினா அக்கா என்று பெயராகிவிட்டது. எனக்கே சிரிப்பு வருகிறது.

இனிச் செல்வராணி.

நானும் அவளும் மன்னார். இங்கே வந்துதான் அறிமுகம். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இருவருக்கும் பிற்பகல் வேலை. வெட்டிய மரக்கறியைத் தட்டுகளில் நிரப்பி, மூடி, அனுப்புவது. தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை, பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அப்படி நின்று எத்தனை கதைத்திருப்போம்! என் கணவர் இறந்த வருடத்தில் அவள் இல்லாவிட்டால் நான் அந்த வேலையையே விட்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள்தான் என் மகள் ஷாமினியைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பதினொரு வயதோடு நின்றுவிட்டது, பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஒருவருக்கும் சொல்லாத விஷயம் என்று சொல்லித்தான் சொன்னேன். அவளும் மாதா மேல் ஆணையாக ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றாள்.

ஷாமினிக்கு இருபத்தெட்டு வயதில் சிட்னியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இரண்டு பிள்ளைகளும் கதைத்துப் பழகி, பிடித்து, மோதிரம் மாற்ற நாளும் பார்த்தாயிற்று. அப்போது மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்து, நோயை மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தீர்களா என்று கேட்டாள். யார் சொன்னது என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"உங்கட செல்வராணிதான் சொன்னவ. அவ எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நல்லதுக்குத்தானே சொன்னவ."

நல்லதுக்கு! சம்பந்தம் நின்றுபோனது. என் பிள்ளை மூன்று நாள் அறைக் கதவைத் திறக்கவில்லை. பிறகு கிறைஸ்ட்சேர்ச்சில் வேலை எடுத்துப் போய்விட்டாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாள். நீங்கள் அதை ஏன் மற்றவர்களுக்குச் சொன்னீர்கள் அம்மா என்றுதான் கேட்டாள். செல்வராணியை ஒரு சொல் சொல்லவில்லை. குற்றவாளி நானாம்!

நான் செல்வராணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் அவளுக்குப் பக்கத்தில் நின்று தட்டு நிரப்பினேன். மகள் போய்விட்டாளாமே என்றாள், ஓம் என்றேன். அவள் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்த இரண்டொருவர் என் பொறுமையைப் பார்த்து வியந்தார்கள். வேதனையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டாள் என்றார்கள்.

நான் ஒன்றையும் ஒப்புக்கொடுக்கவில்லை. காத்திருந்தேன். இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும் அவள் கழுத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடி காத்திருந்தேன். செபமாலை உருட்டும்போது அவள் பெயர் வரும். என்ன கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அவளும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டேன். மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்... வெட்கமே இல்லாமல்!

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தில், ஏப்ரல் முதல் ஞாயிறு எங்களுக்கு இங்கே விடிகிற நேரத்தில், செல்வராணியின் தாய் மன்னாரில் இறந்துபோனார். அவளுடைய கடவுச்சீட்டு விசா விண்ணப்பத்தோடு போயிருந்தது. போக வழியில்லை. நல்லடக்கம் அடுத்த நாள் திங்கட்கிழமை.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இப்போது ஒரு முறை வந்துவிட்டது. பெட்டி மூடுவதற்கு முன், ஊரில் யாராவது ஃபோனைப் பிரேதத்தின் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பார்கள். இங்கிருக்கிற பிள்ளை பார்த்து, அழுது, சொல்ல வேண்டியதைச் சொல்லும். ஃபோன் கண்ணாடியில்தான் முத்தம். அதுதான் எங்களுக்கு மிஞ்சிய பிரியாவிடை.

அன்று தமிழ்ப் பூசைக்கு அவள் வரவில்லை, வீட்டில் இருந்தாள். நான் பீடத்துக்கு முன்னால் நின்று, இன்று முதல் ஊரோடு கதைக்க ஆறரை மணித்தியாலம் என்று வழக்கம்போல் அறிவித்தேன். பிறகு பாணும் சம்பலும் எடுத்துக்கொண்டு தகனினிக்குப் போனேன். மோட்டர்வேயில் காரை ஓட்டும்போது என் மனதில் ஒரு திட்டமும் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்... நம்பாவிட்டாலும் போகட்டும்.

அவளுடைய கணவர் முன்னறையில் வந்தவர்களோடு இருந்தார். அவள் சமையலறையில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, அதை மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் தோளில் விழுந்து அழுதாள். நாளைக்கு வீட்டில் தனியே இருந்தால் பைத்தியம் பிடிக்கும், வேலைக்கு வருகிறேன், பெட்டி மூடுகிற நேரத்துக்கு மட்டும் லீவு கேட்கப் போகிறேன் என்றாள். ஊரில் தமையனின் மகன் வீடியோ அழைப்பு எடுப்பான், அவர்களுடைய பத்து மணிக்குப் பெட்டி மூடுகிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, என்ர தலை வேலை செய்யேல்லை. அங்க பத்தெண்டா இஞ்ச எத்தினை மணி? நீங்கள் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நாலரை. பத்தோடு ஆறரையைக் கூட்டினால் நாலரை. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால்தான் அந்த ஆறரையை என் வாயால் சனத்துக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொதித்து நின்றது. என் பிள்ளையின் சாத்திய அறைக் கதவு ஞாபகம் வந்தது.

"அஞ்சரை" என்றேன்.

அவ்வளவு இலேசாக வந்தது! இன்னும் சொல்கிறேன், ஐந்து மணிக்கு இடைவேளை வரும், அப்படியே வெளியே போய்க் காருக்குள் இருக்கலாம், நானும் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்கிறேன் என்றேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஃபோனைத் தட்டிப் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். ஆனால் என்னிடம் கேட்ட பிறகு யார் ஃபோனைத் தட்டுவார்கள்? எட்டு வருடமாக ஊர்க் கணக்குச் சொல்கிறவள் நான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபோனை மேசையில் வைத்தேன். ஒரு செய்தி அனுப்பினால் போதும். மன்னியும், பிழையாகச் சொல்லிவிட்டேன், நாலரை... அவ்வளவுதான் வேண்டும். அனுப்பவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாக நித்திரை கொண்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வேலை தொடங்கியது. எங்கள் தொழிற்சாலையில் ஃபோனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பூட்டறை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். ஐந்து மணி இடைவேளை வரை அதைத் தொட முடியாது. இதுவும் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு எதிரே சுவரில் பெரிய மணிக்கூடு. நாலு மணி. நாலு பத்து. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாலு இருபதுக்கு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. அம்மாவுக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுப் பாக்கிறன். போன முறை கோவத்தில ஃபோனை வைச்சிட்டன். அதுக்கு மன்னிப்புக் கேக்கோணும். பெட்டி மூட முன்னம் கேட்டாப் போதும்."

பத்து நிமிடம் இருந்தது. பூட்டறைக்கு நடக்க ஒரு நிமிடம். மேற்பார்வை பார்த்த சமோவாப் பெண் நல்லவள், காரணம் சொல்லாவிட்டாலும் விட்டிருப்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் நான் வெறும் மறதிக்காரி, இன்று இதை எழுதத் தேவையே இல்லை.

"வடிவா யோசியும். நேரம் கிடக்குத்தானே" என்றேன்.

ஆம்... இதுதான் நான் செய்தது. ஐந்தரை என்று சொன்னதைக்கூட ஒரு கண நேரக் கோபம் என்று நீங்கள் மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பீர்கள்? முள் நாலரையைத் தாண்டுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது! பொய் சொல்ல மாட்டேன். ஷாமினிக்காக, அவளுடைய மூன்று நாளுக்காக, என் தனி வீட்டுக்காக, ஒவ்வொரு நிமிடமும் இனித்தது. தட்டுகளை நிரப்பிக்கொண்டே இருந்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை.

ஐந்து மணிக்கு லொக்கரைத் திறந்தாள். தவறிய அழைப்புகள் பதினொன்று. அவள் முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். தமையனின் மகன் கோயிலுக்குள் நின்றான், பின்னால் பாட்டுக் கேட்டது. எத்தனை தரம் எடுத்தேன் மாமி, அப்பா கால் மணித்தியாலம் பெட்டி மூடாமல் வைத்திருந்தார், சுவாமியார் காத்துக்கொண்டு நின்றார், அதற்கு மேல் முடியவில்லை என்று அழுதான். ஃபோனைத் திருப்பிக் காட்டினான். மூடிய பெட்டியும் அதன் மேல் பூக்களும் தெரிந்தன.

செல்வராணி சத்தம் போட்டு அழவில்லை. பூட்டறைத் தரையில், லொக்கரில் முதுகைச் சாய்த்து இருந்துவிட்டாள். வலைத்தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

நானும் பக்கத்தில் இருந்தேன். ஐயோ, பழைய கணக்கில் சொல்லிப்போட்டேனே என்று நெஞ்சில் அடித்தேன். அவள் என்னை அடிப்பாள், ஏசுவாள், நீ வேண்டுமென்று செய்தாய் என்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அப்போதுதானே நான் ஷாமினியின் பெயரைச் சொல்லியிருக்க முடியும்! அதற்காகத்தானே இரண்டு வருடம் காத்திருந்தேன்!

அவள் ஏசவில்லை. என் கையைப் பிடித்து, நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் தலையிலும் ஆயிரம் கவலை என்றாள்.

அவளுடைய தாயின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து சாப்பாடு பரிமாறிய பிறகு, என்னைத் தனியே அவளுடைய அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். என் காலடியில் இருந்துவிட்டாள்.

"அக்கா, ஷாமினியின்ர விசயத்தைச் சிட்னிக்குச் சொன்னது நான்தான். ஏன் சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்லை. என்ர மகளுக்கு ஒண்டும் பொருந்தி வரேல்லை, உங்களுக்கு இவ்வளவு லேசா வந்திட்டுது எண்டு ஒரு எரிச்சல். அதுக்குத்தான் ஆண்டவர் அம்மான்ர முகத்தை எனக்குக் காட்டேல்லை. வேற ஆற்ற வாயாலயும் இல்லை, உங்கட வாயாலயே பிழையாச் சொல்ல வைச்சார். அவர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார், அக்கா."

ஆண்டவராம்!

எனக்கு என்ன வந்தது தெரியுமா? இரக்கமல்ல. கோபம். என் கையால் செய்த பழியை ஆண்டவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டாரே என்ற கோபம்! இது நான் செய்தது, என் பிள்ளைக்காக நான் செய்தது என்று அவள் முகத்துக்கு நேரே கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் வரை வந்தது. அவளுடைய நரைத்த வகிடு எனக்குக் கீழே தெரிந்தது. நான் மன்னித்தேன் என்றேன். எப்படிப்பட்ட மன்னிப்பு அது! அவள் எழும்பி என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

அதன் பிறகு அவள் மாறிப்போனாள். முன்பு பூசைக்குப் பிந்தி வந்து பின் வரிசையில் நின்று ஃபோன் பார்க்கிறவள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறாள். ஒருவரைப் பற்றி ஒருவரிடம் கதைப்பதில்லை, யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிறாள். வேலையில் யாராவது எரிந்து விழுந்தால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், ஆண்டவர் ஒரு மணித்தியாலத்தால் என்னைத் திருத்தினார் என்கிறாள். ஷாமினிக்கும் ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். என் மகள் ஒரே நிமிடத்தில் மன்னித்துவிட்டாளாம். அது எப்போதோ முடிந்த கதை, நீங்களும் விடுங்கள் அம்மா என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு முடிந்துவிட்டது!

பீடத்துக்கு முன்னால் நின்று நான் பேசிய பொறுமையும் விசுவாசமும் கடைசியில் செல்வராணிக்குத்தான் கிடைத்தன. என்னுடைய பொய்யிலிருந்து கிடைத்தன. இதை ஆண்டவரின் வேலை என்று சொல்வதா? எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் அவளுடைய விசுவாசம் இடிந்துவிடும், அதனால்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையல்ல. நான் சொன்னால், ஆண்டவர் தன்னைத் தண்டிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தாயைப் பார்க்காதது தன் பாவத்தால் அல்ல என்று தெரிந்துவிடும். அந்தப் பாரம் அவளை விட்டு இறங்கிவிடும். இறக்கிவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை... மூன்று வருடம் கழித்தும் வரவில்லை! பயமும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. ஆனால் அடியில் கிடப்பது இதுதான். பார்த்துக்கொள்ளுங்கள், எப்படிப்பட்டவளோடு கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று.

அந்தப் பிழைக்குப் பிறகு, இனி அறிவிக்க எனக்குத் தகுதியில்லை என்று சுவாமியாரிடம் சொல்லி விலகிவிட்டேன். என் தாழ்மையைப் பாராட்டினார். என் இடத்துக்குச் செல்வராணி தானாகவே வந்தாள்.

போன ஏப்ரலிலும் அவள்தான் எழும்பினாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு சின்னக் காகிதத் துண்டு. இன்று முதல் ஆறரை என்றாள். என்னைப்போல ஒருவரும் நேரத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள், வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் பாருங்கள் என்றாள். பின் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு செல்வராணி துண்டை மடித்துவிட்டு, வரிசைகளுக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஆறரை சரிதானே, அக்கா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கேட்கிறாள், எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று.

நான் தலையாட்டினேன். செப்டெம்பரிலும் கேட்பாள். அப்போதும் ஆட்டுவேன்.